ஐஸ் ஹாக்கி அண்ணன்

ஊக்கமளிப்போர் என்று ஓர் இனம் உண்டு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் முளைப்பார்கள். தாங்கள் மட்டையைத் தொடமாட்டார்கள். தொட்டவரையும் ஆடவிடாமல் நிறுத்தி, ஆடுவதன் பெருமையை விளக்குவார்கள். நீங்கள் பார்த்ததில்லையா? அதிர்ஷ்டசாலி.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் இவ்வினத்தின் முதல்தரச் சரக்கு, டைம் ஆபீஸ் சௌந்தரராஜன். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு வருகை குறிப்பது அவர் வேலை. கிளப்பில் கிடந்த பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில், கனடாப் பெண்கள் ஐஸ்கட்டித் தரைமேல் ஹாக்கி ஆடும் படத்தை ஒருநாள் பார்த்துவிட்டார். அன்றோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. மற்றவர்களுக்குக் காது போயிற்று. ஒரு நன்மையும் நடந்தது. தங்கை பாக்கியவதியையும் அவள் தோழிகளையும் கூட்டி, பெண்கள் ஹாக்கி அணி ஒன்றை உண்டாக்கினார்.

மைதானம் மாலையில் பெண்களுக்கு. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதினால் ஆண்களுக்கு. அதுதான் ஏற்பாடு. பெண்கள் மட்டையோடு நிற்பார்கள். அண்ணன் மைதானத்தின் நட்டநடுவில் நிற்பார்.

"இன்னாம்மா பயம்? அங்க பொண்ணுங்க ஐஸ் மேலயே ஆடுறாங்க! வழுக்கி விழறாங்க, எழுந்து ஆடுறாங்க. உங்களுக்கு காலுக்குக் கீழ நல்ல மண்ணு இருக்குது. அப்புறம் இன்னா?"

அப்புறம் சங்கு ஊதும்.

கனடாவின் குளிர், ஆடுகிறவர்களின் காலணிக்கு அடியில் இருக்கும் கத்தி, விழுந்தால் எந்த எலும்பு முறியும் என்பது வரை பெண்களுக்கு மனப்பாடம். பந்தை அடித்தால் எங்கே போகும் என்பதுதான் தெரியாது.

இந்த நிலையில் பெங்களூரிலிருந்து ஒரு பெண்கள் அணி ஆட வருவதாக ஏற்பாடாயிற்று. ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை பாக்கியவதி அண்ணன் எதிரே போய் நின்றாள். "நாளைக்கி மானம் போச்சுன்னா மட்டை அடுப்புக்குத்தான்" என்று அப்பா அப்பாதுரை சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

"அண்ணா, இன்னிக்கு ஒருநாளு பேசாத இரேன். ஆடிப் பாக்குறோம்."

"நான் பேசாத இருந்தா உங்களுக்கு யாரு ஊக்கம் குடுப்பாங்க?" அண்ணனுக்கு மெய்யாகவே மனம் நொந்தது.

தோழி லீலா முன்னால் வந்தாள். "அண்ணா, எங்களுக்கு ஊக்கம் வழியுது. அதோ, அந்த ஆம்பிளைங்களப் பாருங்க. பாவம், அவங்களுக்கு யாருமே குடுக்கறதில்ல."

மைதான ஓரத்தில், காலை ஷிப்ட் முடித்து வந்த ஆண்கள் அணி, சங்குக்காகக் காத்துக் கிடந்தது. சௌந்தரராஜன் அவர்களைப் பார்த்தார். கண்ணில் கருணை சுரந்தது. போனார்.

சங்கு ஊதியது. அணித் தலைவன் சிரில் எழுந்தான்.

"உட்காருப்பா! அங்க பொண்ணுங்களே ஐஸ் மேல…"

சிரில் உட்கார்ந்தான். காலையில் அவனுக்கு வருகை குறிக்கிற கை அல்லவா அண்ணனுடையது? பதினோரு ஆண்களும் கனடாவில் உறைந்துகிடக்க, பெண்கள் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆடித் தீர்த்தார்கள்.

மறுநாள் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். பெங்களூர்க்காரிகளே வந்து கைகொடுத்தார்கள். அப்பாதுரை தங்கள் வீட்டு மட்டையைத் தானே தூக்கிவந்து கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். அடுப்புக்கு வழக்கமான விறகுதான். "எல்லாம் நம்ம ஊக்கம்" என்றார் அண்ணன், கண் கலங்க. பாக்கியவதி மறுக்கவில்லை. அணியை உண்டாக்கியது அவர்தானே?

நீங்கள் அப்படியில்லை, தெரியும். பெண்கள் விளையாடத்தான் வேண்டும் என்று இப்போதே வீட்டில் சத்தமாகச் சொல்கிறீர்கள். நல்லது. சொல்லிக்கொண்டே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்கள் பெண் காலணி மாட்டிக்கொண்டு வெகுநேரமாக நிற்கிறாள். வாசலை மறித்துக்கொண்டு நிற்பது நீங்கள்தான்.