ஜன்னலில் நின்றால் ஆப்சென்ட்

பிள்ளைகளின் நலன் கருதி, பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைத்துப் போனில் பாடம் நடத்தும்படி மேலிடத்து உத்தரவு. எங்கள் ஊரிலும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தோம். ஒரு சின்ன இடைஞ்சல்தான். கூத்தாநல்லூரைத் தாண்டி வயலுக்குள் கிடக்கும் எங்கள் ஊரில், டவர் கிடைக்கிற ஒரே இடம் அந்தப் பள்ளிக்கூடம்.

ஆகவே நீலாம்பாள் டீச்சர் வகுப்புக்குள் போனோடு உட்காருவார். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே, புங்கமரத்தடியில், ஆளுக்கொரு போனோடு. பதில் ஜன்னல் வழியாக ஒரு தடவை வரும், போன் வழியாக ஒரு தடவை வரும். ஜன்னல் பதிலைக் காதில் வாங்கக் கூடாது என்பது விதி.

அன்றைக்குக் கண்காணிப்பு அலுவலர் உலகநாதன் சார் வீடியோவில் வந்து, அவரே வருகைப் பதிவு எடுத்தார். அப்போது பார்த்தா என் மகள் ஹுமைராவின் போனில் சார்ஜ் தீர வேண்டும்! இன்னொரு ஆப்சென்ட் விழுந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

"ஹுமைரா எங்கே?"

"இங்கதான் சார், ஜன்னல்கிட்ட நிக்குறா" என்றார் டீச்சர்.

"உங்க கண்ணுக்குத் தெரிஞ்சா போதாதும்மா. ஸ்கிரீன்ல தெரியணும்."

"உள்ளேன் ஐயா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள் ஹுமைரா.

"என்ன இரைச்சல் அது? மியூட் பண்ணுங்க."

"ஜன்னலுக்கு மியூட் இல்லீங்க சார்."

"அப்ப சாத்துங்க."

மகளுக்குத் துணையாக நானும் ஜன்னலருகே நின்றிருந்தேன். ஆபீசர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், உங்க போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன்" என்று முணுமுணுத்தேன். திருப்பினார்.

சாரின் முகம் மலர்ந்தது. "ஹுமைரா வந்தாச்சு!" உடனே சுருங்கியது. "டீச்சர் எங்கே?"

"போனுக்குப் பின்னாடி இருக்கேன் சார். இப்ப உங்ககூடப் பேசுறது நான்தான்."

"குரலுக்கெல்லாம் வருகைப் பதிவு கிடையாது. டீச்சர் ஆப்சென்ட்."

சாயங்காலம் சார்ஜ் ஏற்றிய போனோடு மறுபடி மரத்தடிக்குப் போனோம். குவைத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், ஹுமைராவின் அத்தா, வீடியோவில் வருகிற நேரம். "எதிர்ல நிக்கிற ஆளத் தெரியலையாம், இவரெல்லாம் ஒரு ஆபீசராம்!" என்று அவரிடம் சொல்லிச் சிரிக்கக் காத்திருந்தோம்.

கார் ஒன்று வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் லீவில் வந்த மனுஷர், பெட்டியும் கையுமாக இறங்கி, "ஹுமைரா!" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"அத்தா ஆன்லைன்ல இல்லையேம்மா" என்றாள்.

நானும் அவசரமாகப் போனைத்தான் எட்டிப் பார்த்தேன்.