இடுப்புப் பட்டையும் அப்பாவின் வண்டியும்

பழைய காலத்தைத் தோண்டுகிறவர்களிடம் ஒரு பொதுவான கோளாறு உண்டு. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால், இது எந்தக் காலத்தில் தோன்றியது என்று கேட்போம். இதை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்க மாட்டோம். நான் முறையாக வரலாறு படித்தவன்கூட இல்லை. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் வேலை. ஓய்வு நேரத்தில் பினாங்குத் தமிழ்ச் சங்கங்களின் பழைய ஆண்டு மலர்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலுள்ள தேதிப் பிழைகளைத் திருத்தி எழுதி வைப்பேன். (திருத்தச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால் என்ன?) ஆனால் அந்தக் கோளாறு மட்டும் எனக்கு முழு அளவில் உண்டு. என் குடலே அதற்குச் சாட்சி.

அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்த ஆண்டு அது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி உடம்பை வளர்த்தவர். நோயில் கிடந்தபோதும் அந்த உடம்பு எடை குறைய மறுத்தது. தீபாவளிக்கு முந்தைய வியாழக்கிழமை காலை அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது, என் வலது தொடை தொடங்கும் இடத்தில் ஏதோ நழுவியது. வலி இல்லை. குளிக்கும்போது பார்த்தால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. படுத்தால் போய்விடும், எழுந்தால் வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஓர் இளம் பெண் டாக்டர், தாசேக் கெலுகோர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. குடலிறக்கம் என்றார். அறுவை சிகிச்சைதான் வழி, அதற்கான தேதி வரும்வரை ஒரு பெல்ட் போட்டுக்கொள்ளலாம் என்றார். அகலமான எலாஸ்டிக் பட்டை, புடைப்பு வரும் இடத்தில் அழுத்தி உட்கார ஒரு திண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"அங்கிள், காலையில எந்திரிக்கறதுக்கு முன்னாடியே, படுத்துக்கிட்டே போடணும். வெளிய வந்தத மெதுவா உள்ள தள்ளிட்டு, அந்த எடத்துமேல திண்டு உக்காரணும். நின்னுக்கிட்டுப் போடாதீங்க. உள்ள போகலன்னா போடவே கூடாது, நேரா இங்க வந்துடணும். வலி, வாந்தின்னாலும் உடனே வரணும். ராத்திரி கழட்டிடுங்க. இது வைத்தியம் இல்ல, ஆபரேஷன் வரைக்கும் ஒரு தாங்கல்தான். முக்கியமா, வெயிட்டு தூக்கக் கூடாது. ஓகேவா?"

"டாக்டர், இந்த மாதிரி திண்டு வச்சுக் கட்டுற பழக்கம் எந்த நூற்றாண்டுலேர்ந்து இருக்கு?"

அவர் பெல்ட்டை என் கையில் வைத்தார். "தெரியாது அங்கிள். நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன், ஒரு சொல் பிசகாமல். அன்று சாயங்காலமே அப்பாவைத் தூக்கினேன்.

வேறு யார் தூக்குவது என்பது என் வாதம். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்பது என் மனைவி கோமதியின் வாதம். என் அப்பாவை வேற்று ஆள் தொடுவதா என்று நான் பெரிதாகப் பேசினேன். இதற்கிடையே பெல்ட்டின் வரலாற்றைப் படித்து முடித்திருந்தேன். அந்தக் காலத்து ஆட்கள் இரும்பு வளையத்தையும் தோலையும் மரத் திண்டையும் இடுப்பில் மாட்டிக்கொண்டு பிழைப்பைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கென்ன, எலாஸ்டிக்! பெட்டிக்குள் இருந்த விளக்கத்தாள் பல மொழிகளில் இருந்தது, தமிழில் இல்லை. அந்தக் குறையைச் சுட்டி அந்தக் கம்பெனிக்கு நீண்ட கடிதம் எழுத உட்கார்ந்தேன். தாளைப் படிக்க உட்காரவில்லை.

அப்பாவுக்கு மட்டும் ஒளிக்க முடியவில்லை. அவரைத் தூக்கும்போது என் இடுப்பு அவர் முகத்துக்கு நேரே வரும்.

"ஏண்டா, இடுப்புல என்னடா கட்டிருக்க? குஸ்திக்கா போற?"

"முதுகுவலிப்பா."

"உன் முதுகு முன்னாடியா இருக்கு?"

அன்றிலிருந்து நான் தூக்கும்போதெல்லாம் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துத் தம்மைத் தாமே இழுத்துக்கொள்வார். முகம் சிவந்துபோகும். எனக்காகத் தம் எடையைக் குறைக்கப் பார்த்தார். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்துவிட்டேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி வந்தது. போனில் கூப்பிட்டுத் தள்ளிப்போடச் சொன்னேன்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம், புதன்கிழமை விடியலில் அப்பா போய்விட்டார்.

மறுநாள் பகலில் தகனம். டத்தோ கிராமட் சாலைக்குப் பின்னால் எங்கள் தொடர்வீடு. கூடத்தில் அப்பா, அறைகளில் சொந்தக்காரர்கள், படிக்கட்டில்கூட இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரவெல்லாம் நின்றே கழித்தவனுக்குக் காலையில் பெல்ட்டைச் சரியாகப் போட வேண்டும் என்று தோன்றியது. படுக்க வேண்டும். எங்கே படுப்பது? அப்பா கூடத்தில் கிடக்கும்போது ஒரே மகன் போய்க் கட்டிலில் காலை நீட்டினால் ஊர் என்ன சொல்லும்? குளியலறைக்குள் போய், சுவரில் சாய்ந்து, நின்றபடியே புடைப்பைத் தள்ளிப் பார்த்தேன். முழுதாக உள்ளே போகவில்லை. வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தது. டாக்டரின் குரல் சொல் சொல்லாக நினைவுக்கு வந்தது. (ஞாபகசக்தியில் குறையே இல்லை எனக்கு.) உள்ளே போகாதது மேலேயே திண்டை வைத்து, பெல்ட்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கினேன்.

பிறகு வாசலில், எல்லார் முன்னாலும், கொள்ளி வைக்கிறவனுக்குக் குளியல். ஒற்றை வேட்டியோடு நின்றேன். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. காரியம் செய்ய வந்த பண்டாரம் குனிந்து பார்த்தார்.

"இடுப்புல என்னங்க அது? மொத்தையா?"

என் தங்கை கணவன் குமரேசன் ஜுருவில் பழைய கார் விற்கிறவன். சாவு வீட்டிலும் கார் விலை பேசுகிற குரல்தான். "என்ன மச்சான், மணி பெல்ட்டா? இங்க இருக்கறது எல்லாம் சொந்தக்காரங்கதான்லா! நாங்க என்ன, எடுத்துக்கிட்டு ஓடிருவமா?"

நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அத்தை ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "அப்பன் போயி ரெண்டு நாள்கூட ஆவல, காச இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு."

ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். குடலிறக்கம். ஆனால் அத்தைகளும் சித்திகளும் தங்கையின் மாமியாரும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில், வேட்டி ஒட்டி நிற்கிற நேரத்தில், அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது?

"முதுகுவலிக்குப் போட்டது" என்றேன்.

"முதுகு முன்னாடியா இருக்கு மச்சான்?" என்றான் குமரேசன்.

அப்பா கேட்ட அதே கேள்வி. எனக்கு அழுகை பொங்கிவிட்டது. குலுங்கிக் குலுங்கி அழுதேன். துக்கத்தில் இருக்கிறவனை விடுங்கள் என்று யாரோ அதட்ட, பெல்ட் விசாரணை அதோடு முடிந்தது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். சவப்பெட்டியை மூடியபோது, "மச்சான், நீங்க தூக்க வேணாம், தீச்சட்டியப் புடிச்சுக்கிட்டு முன்னாடி நடங்க, அதான் மொற" என்று குமரேசன் முறைப்படிதான் சொன்னான். நான் சட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, "அப்பாவை நான்தான் தூக்குவேன்" என்று பெட்டியின் தலைமாட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன். காசைக் கட்டிக்கொண்டு நிற்கிறவன் அல்ல நான் என்று அந்த அத்தைக்குக் காட்ட வேண்டியிருந்தது. கோமதி பக்கத்தில் வந்து என் முழங்கையைக் கிள்ளினாள்.

"வேணாங்க. சொல்லிருங்க. சொன்னா என்ன, மானமா போயிரும்?"

தூக்கினேன்.

உள்ளே ஏதோ முறுக்கிக்கொண்டது. இவ்வளவு நாளும் வலி இல்லாமலே இருந்த இடத்தில், பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்ததுபோல் ஒரு வலி. அப்பா இந்தத் தடவை எந்தக் கம்பியையும் பிடித்துக்கொள்ளவில்லை. முழு எடையோடு இருந்தார்.

தகனக்கூடம் போய்ச் சேருமுன்பே வாய் உமிழ்நீரால் நிறைய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரம், கொள்ளி மட்டும் வைத்துவிட்டால் போதும் என்று என் குடலிடம் கெஞ்சினேன். தோளில் நீர்க்குடத்தோடு பெட்டியைச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பண்டாரம் குடத்தில் ஒரு துளை போட, முதுகில் தண்ணீர் வழிந்தது. வேர்வை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. "நேரா நடங்க, நேரா நடங்க" என்றார் பண்டாரம். நான் நண்டுபோல நடந்துகொண்டிருந்தேன். குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தேன். பெட்டியின் மேல் கற்பூரம் ஏற்றினேன். உலையின் பொத்தானை அழுத்தினேன். இரும்புக் கதவு இறங்கி மூடியது.

ஒரே மகனாக என் கடமை முடிந்தது. வாந்தியெடுத்துவிட்டு அப்படியே விழுந்தேன்.

"துக்கம் தாங்கல பாவம்" என்று சுற்றி நின்றார்கள். சோடா வாங்கி வர ஒருவர் ஓடினார். முன்பு காசுக் கணக்குப் பார்த்த அத்தைக்கு இப்போது பாசம் பெருக்கெடுத்தது. கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்தாள். "வாயு புடிச்சிருக்கு. வயித்த நல்லா அமுக்கித் தேச்சா எறங்கிரும்."

அவள் கை என் அடிவயிற்றை நோக்கி வந்தபோதுதான் கோமதி அலறினாள். அந்தக் கூடம் உயரமான கூரை உடையது. சன்னமாகப் பேசினாலே எதிரொலிக்கும்.

"தொடாதீங்க! அவருக்குக் குடல் எறங்கிருக்கு!"

எறங்கிருக்கு, எறங்கிருக்கு என்று சுவர்கள் சொல்லின. நான் மாதக்கணக்கில் காத்த ரகசியத்தை அடுத்த சடங்குக்காக வந்திருந்த சீனக் குடும்பம் ஒன்றும் திரும்பிப் பார்த்தது.

ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக அடைத்து நின்றன. குமரேசனுடைய காரே எல்லாவற்றுக்கும் உள்ளே மாட்டியிருந்தது. வெளியே போக வழியோடு நின்றது ஒரே வண்டி, அப்பாவைக் கொண்டுவந்த வேன். அதன் ஓட்டுநர் சேகர் புகைத்துக்கொண்டிருந்ததைக் கீழே போட்டார்.

"ஏத்துங்கண்ணே. நான் கொண்டு போறேன்."

"இதுலயா?" என்றான் குமரேசன்.

"வேற எதுல? ஆளு நீலமாப் போறாரு பாருங்க!"

அப்பா கிடந்த இடத்தில் என்னைக் கிடத்தினார்கள். அவர் மாலையிலிருந்து உதிர்ந்த செவ்வந்தி என் காதுக்குக் கீழே குளிர்ச்சியாக இருந்தது. கோமதி பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டின் பிடியைப் பிய்த்துத் தளர்த்தினாள். முழங்காலை மடக்கிக்கொண்டு மேலே பார்த்தேன். இந்தக் கூரையைத்தான் அப்பா கடைசியாகப் பார்த்திருப்பார் என்று நினைத்து, பிறகு, இல்லை, பெட்டி மூடியிருந்தது என்று திருத்திக்கொண்டேன். (அந்த நிலையிலும் பிழை திருத்தம்.)

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. கண்ணாடி வழியாக மோட்டார்சைக்கிளில் இருந்த ஒரு மனிதர் உள்ளே பார்த்து மரியாதையாகத் தலையைக் குனிந்தார். எனக்கு ஒன்றுமில்லை என்று காட்டக் கையைத் தூக்கினேன். அவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பறந்தே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலர் கையை நீட்டி மறித்தார். வேனைப் பார்த்ததும் பின்பக்கம் காட்டினார். "வான் ஜெனாசா, பெலாகாங், பெலாகாங்!" பிண வண்டிகள் பின்பக்கம், பிணவறை வழியாகப் போக வேண்டும். அவர் சொன்னது முறைதான்.

சேகர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "மாசே ஹிடுப், பாங்! மாசே ஹிடுப்லா!" ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

காவலர் நம்பவில்லை. வந்து பின்கதவைத் திறந்தார். வரலாற்றில் யாராவது இப்படித் தங்கள் உயிரை மெய்ப்பித்திருக்கிறார்களா தெரியாது, நான் அவர் காலணிக்குப் பக்கத்தில் வாந்தியெடுத்தேன். உடனே வழி கிடைத்தது.

உள்ளே வந்தது அதே டாக்டர். "எப்பலேர்ந்து இந்தப் பிரச்சினை?" என்றார் பக்கத்திலிருந்த நர்ஸ்.

"தீபாவளிக்கு முந்தின வியாழன், காலையில, அப்பாவைக் கட்டில்லேர்ந்து..."

"அங்கிள்," என்று டாக்டர் குறுக்கிட்டார், "வலி இன்னைக்கு எப்பலேர்ந்து?" கையை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "பெல்ட்ட படுத்துக்கிட்டுப் போட்டீங்களா, நின்னுக்கிட்டுப் போட்டீங்களா?"

உடனே அறுவை சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இறங்கிய குடல் நெரிபட்டு, ரத்தம் ஓடாமல் ஒரு துண்டு கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். மறுநாள் டாக்டர் கட்டிலருகே நின்று, இன்னும் தாமதித்திருந்தால் கோமதிக்கு ஒரே வாரத்தில் இரண்டு காரியம் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அன்றுதான் அப்பாவின் சாம்பல் எடுக்கும் நாள். நான் குழாய்களோடு கிடந்தேன். மகன் செய்ய வேண்டியதை மருமகன் செய்தான். மத்தியானம் குமரேசன் வார்டுக்கு வந்தான். தலைமுடி கடல்நீரில் ஒட்டியிருந்தது. கார் விற்கிற குரல் எங்கோ போயிருந்தது.

"மாமாவக் கடல்ல விட்டாச்சு மச்சான்." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். "வெயிட்டே இல்ல மச்சான். ஒரு கையில தூக்கிட்டேன்."

தையல் போட்ட வயிற்றோடு அழுவது மிகவும் கடினம். செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் நான் எதையும் தூக்க முடியாது. அரிசி மூட்டை இருக்கட்டும், அப்பாவின் திதிக்குப் படையல் தட்டைத் தொட்டாலே, "மச்சான், பெல்ட்டு போட்டாச்சா? வேன் சொல்லவா?" என்று குமரேசன் ஆரம்பித்துவிடுவான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த அத்தை மட்டும், தான் அன்றே வாயு இல்லை என்று சொன்னதாகச் சாதிக்கிறாள்.

வண்டி வாடகையைக் கொடுக்கப் போனபோது, அப்பாவைக் கொண்டுபோன வழிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார் சேகர். "திரும்பி வர்ற ஆளுக்கு எவ்வளவு வாங்குறதுன்னு எனக்குத் தெரியாதுண்ணே" என்றார். இந்த ஊரில் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் அவரைச் சந்திக்கிறேன். பெட்டியை ஏற்றி முடித்ததும், கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, வேனின் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுவார்.

"வாங்கண்ணே. இனிமே உங்களுக்கு முன்னாடி சீட்டுதான்."