தாடைக்கு முகமூடி போட்டவர்

மனிதர்களில் ‘எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொட்டுகிற மழையில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டுவார்கள். டாக்டர் விடச் சொன்ன சிகரெட்டை டாக்டர் வாசலிலேயே பற்றவைப்பார்கள். அந்த இனத்தின் சிகரம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையில் உலை மேஸ்திரியாக இருக்கிறார். பட்டப்பெயர் ‘இரும்பு’. ஈயத்தோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இரும்பாகவே இருக்கிறாராம். சொன்னவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

ஆலையில் எல்லோருக்கும் முகமூடி கொடுத்திருக்கிறார்கள். இவரும் போடுகிறார். தாடைக்கு! அதிகாரி வருகிற அன்று மட்டும் அதற்கு மூக்கு வரை பதவி உயர்வு கிடைக்கும்.

உருக்கிய ஈயம் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கச் சோதனைக்கூடம் இருக்கிறது. நம்மவருக்கு அதெல்லாம் எதற்கு? ஆறிய கட்டியைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறுவார். கோடு விழுந்தால் சுத்தம், விழாவிட்டால் கலப்பு இன்னும் போகவில்லை. பிறகு அதே விரலால் மீசையைத் தடவி, அதே விரலால் டம்ளரைப் பிடித்து, உலைக்குப் பக்கத்திலேயே நின்று பால் குடிப்பார். பால் ஈயத்தை முறித்துவிடுமாம். கை கழுவினாரா என்கிறீர்களா? அதான் பால் குடிக்கிறாரே ஐயா!

வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பை ஆலையிலேயே விட்டுப் போக வேண்டும் என்பது விதி. விதி அது பாட்டுக்கு இருந்தது, மேஸ்திரி தன் பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வாசலிலேயே இரண்டு வயது மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். அள்ளித் தூக்கி, அதே நகத்தால் பிஸ்கட் பொட்டலத்தைக் கிழித்துக் கொடுப்பார்.

“முதல்ல குளிச்சிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்பாள் மனைவி.

“ஓடி வர்ற புள்ளையத் தள்ளிவிடச் சொல்றியா? போடி, எனக்கு ஒண்ணும் ஆகாது.”

அவருக்கு ஆகவில்லைதான். பிள்ளைதான் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

“குழந்தை ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கே. வீட்டுக்குள்ள ஈயம் எங்கேருந்து வருது?”

“தினம் சாயங்காலம் நடந்து வருது டாக்டர்,” என்றாள் மனைவி.

மேஸ்திரி பழக்கதோஷத்தில், “எனக்கு ஒண்ணும்...” என்று ஆரம்பித்துவிட்டார்.

“உங்களை யார் கேட்டா? மூளை வளர்ற வயசு இது. இனிமே ஏறாம பாத்துக்கிட்டா, கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். பாத்துப்பீங்களா?” என்றார் டாக்டர்.

இரும்பு தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

மறுநாள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஆலைக் குழாயடியில் நுரை நுரையாகத் தேய்த்துக் குளித்தார். “என்ன அண்ணே, மறுபடியும் கல்யாணமா?” என்று கேட்டவர்கள் முன்னாலேயே ஆலை உடுப்பை அங்கே விட்டு, வேறு உடுத்திக்கொண்டு கிளம்பினார். வீட்டு வாசலில் மகள் ஓடிவந்தாள். குளித்த மனிதர்தான், ஆனாலும் தொடப் பயந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். புது விளையாட்டு என்று நினைத்து அவளும் கைகளைத் தூக்கிக்கொண்டாள்.

“இன்னிக்குத் தூக்கலாம், தூக்குங்க,” என்றாள் மனைவி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் பத்திரமாகத்தானே தொங்குகிறது? தொங்கட்டும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வீட்டு வாசலில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் ஒருதரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.