மணி அடித்ததும் எழுந்துவிட்ட கை

நான் நல்ல பிள்ளை. பெருமைக்குச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பரீட்சையில் மணி அடித்தால் பேனாவை மூடி, நூலைக் கட்டி, எழுந்து நின்று விடைத்தாளை நீட்டிவிடுவேன். மயிலாப்பூரில் அம்மா என்னை அப்படித்தான் வளர்த்தாள்.

பி.காம். இரண்டாம் வருஷம் படித்தபோது, பார்வையற்ற மாணவி ஒருத்திக்குப் பரீட்சை எழுத ஆள் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், அவ்வளவுதான். (கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன். கர்வம் இருக்காதா?)

பவித்ரா சைதாப்பேட்டைப் பெண். வரலாறு, கடைசி வருஷம். இந்தத் தாள் தேறினால்தான் பி.எட். சேர முடியும். டீச்சராவது என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டாளாம். பதில் சொல்லும்போது அச்சடித்த தமிழ். என்னைத் திட்டும்போது மட்டும் ஊர் பாஷை. "இன்னாபா, தூங்கினு கீறியா? கடைசி வரியப் படிச்சுக் காட்டு."

இரண்டாவது மணி நேரத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

எங்களுக்குத் தனி அறை. அவளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, அது அவள் உரிமை. காலையில் இரண்டு தடவை சொல்லியும் இருந்தாள். மணி அடித்தது. என் மூளை வேலை செய்யவில்லை, பழக்கம் செய்தது. கட்டினேன், எழுந்தேன், கொடுத்தேன். கண்காணிப்பாளருக்கும் என்ன அவசரமோ, வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

பவித்ரா பாவம், விவசாயிகள் கலகத்துக்கு மூன்றாவது காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா?"

"குடுத்துட்டேன்."

"இன்னாத்த?"

"பேப்பரை."

"அடப்பாவி! பதினஞ்சு மார்க்கு கேள்வி அப்படியே கீது. அத்த உங்கம்மா வந்து எழுதுவாங்களா?"

என் முழங்கையைப் பிடித்தாள். வழக்கமாக வழிகாட்டுவதற்குத்தான் பிடிப்பார்கள். இவள் இழுத்துக்கொண்டு போனாள். வராந்தா முழுக்கத் திட்டு.

முதன்மைக் கண்காணிப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடுத்த பேப்பரைத் திருப்பித் தர முடியாதும்மா. ரூல்ஸ்."

"நானும் ரூல்ஸ்தான் சார் கேக்கறேன். எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் கீது. ஆர்டர் காப்பி இதோ, படிச்சுப் பாருங்க. பரிச்சை எழுதறது நானு. இவரு என் கை. கை தப்பு பண்ணா தண்டனை எனக்கா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு விடைத்தாளை எடுத்து நீட்டினார்.

"பேசினதுல இருபது நிமிசம் பூட்ச்சு சார். அத்தையும் சேத்துக் குடுங்க."

கொடுத்தார்! நானும் அவள் சொன்ன வேகத்துக்கு ஈடுகொடுத்து எழுதி முடித்தேன். பரிசு வாங்கிய கையெழுத்து அன்று கோழி கிளறிய மாதிரி இருந்தது.

அவள் தேறினாள். இப்போது அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பி.எட். பரீட்சைகளுக்கு வேறு கையைத் தேடிக்கொண்டாள். (யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.) அவள் கூப்பிடுவாள் என்று ஒவ்வொரு பரீட்சை சமயமும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஆத்தில் இன்றைக்கும் காலிங்பெல் அடித்தால் தங்கை கத்துவாள்: "அண்ணா, பேப்பரைக் குடுத்துடாதே! இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு!" அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும் சிரிப்பேன்.

பவித்ராவுக்குச் சட்டம் இருந்தது, சண்டை போட்டு வாங்கினாள். அவள் பக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார எனக்கு எந்தச் சட்டமும் இல்லை.