திருகைக் கழட்டச் சொன்னார்கள்

அன்புள்ள அக்கா கோவிந்தம்மாளுக்கு,

தம்பி தமிழ்வாணன் எழுதிக்கொண்டது. நானும் அம்முலுவும் நலம். என் வலது முட்டி மட்டும் நலமில்லை. போனில் பேசினால் உனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பதால், காஞ்சிபுரத்தில் ஸ்கேன் சென்டர் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாகறல் வரப்பில் பவர் டில்லரோடு விழுந்து முட்டி ஜவ்வு கிழிந்ததும், என் தொடையிலிருந்தே ஒரு தசைநாரை எடுத்துப் புது ஜவ்வாக வைத்துத் திருகு போட்டு முடுக்கியதும் உனக்குத் தெரியும். சில வருஷம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது கால் முழுசாக நீள மாட்டேன் என்கிறது. டாக்டரம்மா மடக்கிப் பார்த்து, "புது ஜவ்வு அறுந்துதா, இல்ல நடுவுல எதுனா தடுக்குதான்னு எம்.ஆர்.ஐ. எடுத்தாதான் தெரியும்" என்றார். அறுந்திருந்தால் மறுபடி முட்டியைத் திறக்க வேண்டுமாம். அப்புறம் சேற்றில் இறங்க முடியுமா என்றேன். பார்க்கலாம் என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே வந்தால் மெஷின் முழுக்கக் காந்தமாம். முட்டிக்குள் இருக்கிற திருகு சும்மா இருக்குமா என்று நான் கேட்பதற்குள்ளேயே, மெஷின் பார்க்கிற ஆசிக் ஒரு கருவியை என் உடம்பின் மேல் ஓட்டினார், அது கீச்சென்று கத்தியது. "அண்ணே, திருகைக் கயட்டிட்டு வந்து படுங்க" என்றார்.

"இன்னாபா, டாக்டர் போட்டத நான் எப்டிக் கயட்றது?"

"வூட்டுக்காரம்மா கயட்டுவாங்க."

அம்முலுவுக்குக் கொல்லைக் கதவின் திருகையே கழட்டத் தெரியாது. நொண்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். இனி உள்ளே போகமாட்டேன், கால் கோணலாகவே இருக்கட்டும்.

மாமாவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. என் பேரைச் சொல்லி ஒரு கற்பூரம் ஏற்று.

பயத்துடன்,
தம்பி

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடு. ஆசிக் சொன்னது முட்டித் திருகை இல்லையாம், இடுப்பில் இருக்கிற வெள்ளி அர்ணாக்கொடியின் திருகை. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. பிணத்துக்குத்தானே அதைக் கழட்டுவார்கள். அம்முலு முதலில் ஒரு கறுப்புக் கயிற்றை என் இடுப்பில் கட்டி, "இப்போ உசுரோடதான் கீற, போய்ப் படு" என்று கொடியை உருவிக்கொண்டாள். படுத்தேன். ஜவ்வு அறுந்திருக்கவில்லை. முன்னால் ஒரு சின்னச் சதைக்கட்டி தடுக்கிறதாம், அதை எடுத்தால் சேற்றில் இறங்கலாம் என்கிறார் டாக்டரம்மா. முட்டித் திருகு இரும்பே இல்லையாம். கரைகிற ரகமாம், எப்போதோ கரைந்தேபோய்விட்டதாம். ஆக என் உடம்பில் இருந்த ஒரே திருகு, அம்மா போன பிறகு நீ வாங்கி முடுக்கிவிட்டதுதான். அதை வேறு யாரும் மாட்ட விடமாட்டேன். கட்டியை எடுப்பதற்கு முன்னால் வந்துவிடு அக்கா, பயமாக இருக்கிறது.