எஜமானின் பாஸ்வேர்டு

எனக்குக் கோபம் வராது. வந்தால் போகாது.

மட்டாஞ்சேரியில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். கொச்சங்காடிச் சந்தில் மிளகு லாரி வழிமறித்து நின்றால் நான் போடுகிற சத்தத்தில் டிரைவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவான். வெலிங்டன் தீவில் எங்கள் கிளியரிங் ஆஃபீஸில் நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் போதும், கிளார்க்குகள் எல்லாரும் பாத்ரூமுக்குப் போய்விடுவார்கள். உலகத்தில் என் கோபத்துக்குப் பயப்படாத ஜீவன் ஒன்றே ஒன்று. அதற்குத்தான் நான் தாலி கட்டியிருக்கிறேன்.

அன்றைக்குக் கோபம் லேப்டாப் கடைக்காரன் மேல். என் லேப்டாப்பைத் திறந்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"ஸார், இது எப்போ வாங்கினது?"

"என் பொண்ணு காலேஜ் சேர்ந்தப்போ."

"இப்போ அவங்க?"

"கல்யாணம் ஆகி பெங்களூர்ல."

"அப்போ இதுக்கும் ரிட்டயர்மெண்ட் குடுத்துடலாம் ஸார். புது விண்டோஸ் இதுல ஏறாது. பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் கிடையாது. புதுசு காட்டட்டுமா?"

உன் கடையையே கொளுத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் மொபைலுக்குக் கவர் வாங்கிக்கொண்டிருந்தார். பேசாமல் வந்துவிட்டேன். அடக்கின கோபம் வீடு வரைக்கும் கொதித்துக்கொண்டே வந்தது.

"கமலு! இந்த லேப்டாப் செத்துப்போச்சாம்!"

கமலாக்ஷி சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து எய்டட் ஸ்கூலில் நாலாம் கிளாஸ் டீச்சர். குழந்தைகள் அலறினாலும் சரி, நான் அலறினாலும் சரி, திரும்பிப் பார்க்கமாட்டாள்.

"அப்போ பத்து நாள் தீட்டுக் காக்கணுமா?"

"விளையாடாதே! நான் கோபத்துல, தேஷ்யத்துல இருக்கேன்."

"நீங்கோ எப்போ இல்லே? அதைப் பழைய சாமான் எடுக்கற ஆக்ரிக்காரனுக்குப் போட்டுடுங்கோ. பழைய குக்கர் ஒண்ணும் கிடக்கு. ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஒரு நல்ல பக்கெட் தருவான்."

"என் லேப்டாப்புக்கு பக்கெட்டா!"

"இல்லேன்னா நேக்குத் தாங்கோ. ஓணப் பரீட்சை வரது, நெறைய வேலை கிடக்கு. ஸ்கூல்ல கம்ப்யூட்டருக்குக் க்யூ நிக்கணும்."

"நோக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? நாலாம் கிளாஸுக்கு சாக்பீஸ் போறாதா? அதைத் தொடப்படாது!"

நீங்களே சொல்லுங்கள். இந்த வீட்டில் டிவி ரிமோட் அவளுடையது. ஃபேன் எந்த நம்பரில் சுற்ற வேண்டும் என்பது அவளுடையது. நான் இன்றைக்கு எந்தச் சட்டை போடுகிறேன் என்பதுகூட அவளுக்குத்தான் முதலில் தெரியும். எனக்கென்று இருப்பது அந்த லேப்டாப் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் உட்காருவது?

கமலாக்ஷி துருவலை நிறுத்தினாள்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்னு ஒண்ணு உண்டு, பழைய மெஷின்ல ஓடும், காசு வேண்டாம்னு நீங்கோதானே அன்னிக்குப் பறஞ்சேள்? அதெல்லாம் ஒங்களுக்குச் சரிப்படாது. பொறுமை வேணும், மூளை வேணும்."

நான் எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கோபத்தில் ஆயிரம் சொல்வேன். ஆனால் அந்த 'மூளை' என் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது.

"சரிப்படாதா? எனக்கா? ஓணத்துக்குள்ள லினக்ஸ் கத்துண்டு காட்டறேன்! காட்டினா நீ ஆயுசுக்கும் அந்த லேப்டாப் பக்கம் வரப்படாது!"

"காட்டலைன்னா?"

"நோக்கே தந்துடறேன்! எடுத்துக்கோ!"

"செரி. ஆனா அவசரப்படாதீங்கோ. ப்ரஷர் ஏறும். பைய, ஒங்க சௌகரியம் போல கத்துண்டா போறும்."

அவள் இப்படிக் கரிசனமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபக்காரனுக்கு எங்கே உறைக்கிறது?

மறுநாளே ஆரம்பித்தேன். மொபைலில் ஒரு வீடியோ. தாடி வைத்த ஒருத்தன் சிரித்துக்கொண்டே, "புதுசா கத்துக்கறவங்க டென்ஷனே ஆக வேண்டாம், ரிலாக்ஸா, உங்க வேகத்துல கத்துக்கோங்க" என்றான். கோபமாக இருக்கிறவனிடம் 'ரிலாக்ஸ்' என்று சொல்வதைப் போல ஒரு அயோக்கியத்தனம் உண்டா? பென் டிரைவில் லினக்ஸை ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். லேப்டாப்பில் செருகினேன். கருப்புத் திரை. மறுபடி ஏற்றினேன். மறுபடி கருப்பு. மேஜையில் ஒரு குத்துக் குத்தி, "சாயங்காலம் வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்!" என்று பென் டிரைவைப் பார்த்துக் கத்திவிட்டு ஆஃபீஸுக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து அதே பென் டிரைவைச் செருகினேன். ஜம்மென்று திரை வந்தது.

"பாத்தியா கமலு! என் கோபத்துக்கு மெஷினே பயந்துடுத்து!"

"பின்னே? யாருக்குத்தான் பயம் இல்லே," என்றாள் அவள், வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே.

லினக்ஸ் ஏறியது. பாஸ்வேர்டு ஒன்று வை என்று கேட்டது. யோசிக்கவே இல்லை. 'நான்தான் எஜமான்' என்பதை இங்கிலீஷ் எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்தேன். இந்த வீட்டில் அதை வாயால் சொல்லத்தான் முடியாது. அடிக்கவாவது செய்யலாமே.

அடுத்த பாடம், டெர்மினல் என்கிற கருப்பு ஜன்னல். பட்டன், படம் ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் எழுத்தில் அடித்துத்தான் கட்டளை போட வேண்டும். தாடிக்காரன் சொன்னபடி ஒரு வரி அடித்தேன். 'பெர்மிஷன் டினைட்' என்றது. அனுமதி இல்லையாம்! இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் கேட்கிற வசனம். அதைக் கேட்க ஒரு மெஷின் வேறு வேண்டுமா?

முன்னால் 'சூடோ' என்று சேர்த்தால் எஜமான் கட்டளை ஆகிவிடும் என்றான் தாடி. எனக்கு ஏற்கெனவே சூடுதான். சேர்த்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளி இல்லை, ஒரு நட்சத்திரம் இல்லை. கீபோர்டு செத்துவிட்டதா? ஓங்கி ஓங்கி அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கத்திக் கத்தி அடித்தேன்.

"என்! ஏ! ஏ! என்! விழ மாட்டியா நீ? நான்தான்டா எஜமான்! நான்தான் எஜமான்!"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏன்னா, கண்ணுக்குத் தெரியலைன்னா உள்ளே போகலைன்னு அர்த்தமா? அடிச்சுட்டு என்டர் தட்டுங்கோ."

"நோக்கு என்ன தெரியும்? வாயை மூடிண்டு மிண்டாம இரு!" என்று கத்திவிட்டு, எரிச்சலில் என்டரைத் தட்டினேன். வேலை செய்தது. குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பக்கத்து வீட்டு நாணு சேட்டன் மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுச் சண்டையைக் கேட்டுக் கேட்டே பாதி தமிழ் படித்தவர்.

"என்தா வெங்கிட்டு ஸாரே, ஒரே சத்தமும் பஹளமும்? யாராணு எஜமான்?"

"லினக்ஸ் படிக்கறேன் சேட்டா."

"லினக்ஸோ! அது நம்ம மோளு ஸ்கூல்ல..."

"சேட்டா! ஒங்க பொண்ணோட ஸ்கூல் காரியம், டியூஷன் காரியம் ஒண்ணும் இப்போ வேண்டாம். இது பெரியவா விஷயம். ஒங்களுக்கு மனசிலாகாது."

"அல்ல ஸாரே, டீச்சரும்..."

"டீச்சர் பேச்சை எடுக்காதீங்கோ! நேக்கு ப்ரஷர்!"

நாணு சேட்டன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "செரி, நான் ஒண்ணும் பறயலை," என்று போய்விட்டார். பொறாமை என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் நான் நிஜமாகவே நிதானமாகத்தான் படித்தேன். ஒரு நாள் ஒரு கட்டளை. அன்றைக்கு அது வேலை செய்யாவிட்டால் அன்றைக்கு முழுக்கக் கோபம். வைஃபை கிடைக்காமல் நாலு நாள் மோடத்தைத் திட்டினேன். ஐந்தாம் நாள் ஆஃபீஸிலிருந்து வந்து பார்த்தால் தானாகவே கிடைத்தது. சவுண்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சவரம் செய்துவிட்டு வருவதற்குள் அதுவும் வந்தது. நல்ல மெஷின், திட்டினால் திருந்துகிறது என்று ஆஃபீஸில் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஓணப் பரீட்சை முடிந்து ஸ்கூலுக்கு லீவு விட்டார்கள். ஓணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று காலையில் நாணு சேட்டனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். கமலாக்ஷி ஓணத்துக்கு வறுத்த நேந்திரங்காய் உபேரித் தட்டோடு வந்து நின்றாள்.

"சேட்டா, நன்னா பாத்துக்கோங்கோ. இந்த நிமிஷத்துலேர்ந்து இவளுக்கும் இந்த லேப்டாப்புக்கும் சம்பந்தம் இல்லே!"

லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். தப்பு. ஓங்கி அடித்தேன். தப்பு, தப்பு, தப்பு. காதெல்லாம் சூடாகிவிட்டது.

"இது சதி! மெஷினுக்குப் பிராந்து பிடிச்சுடுத்து!"

"கொஞ்சம் நகருங்கோ," என்றாள் கமலாக்ஷி. உபேரித் தட்டை என் கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு நடந்ததைப் பார்த்து நான் உபேரியைக் கீழே கொட்டினேன். என்னை ஒரு மாதம் அழ வைத்த அந்தக் கருப்பு ஜன்னலில் அவள் விரல்கள் கோலம் போடுகிற வேகத்தில் ஓடின. வரி வரியாக என்னென்னவோ வந்தது. எல்லாம் அவள் சொன்னதைக் கேட்டது.

"நோக்கு... நோக்கு எப்படிடீ?"

"இதைத்தானே ஸாரே நான் அன்னைக்குப் பறய வந்தேன்," என்றார் நாணு சேட்டன். "கேரளத்துல ஸ்கூல் கம்ப்யூட்டர்ல எல்லாம் லினக்ஸ் தன்னே. நம்ம மோளுக்குச் சொல்லிக் குடுக்கறது டீச்சராணு."

நான் கமலாக்ஷியைப் பார்த்தேன்.

"லீவுக்கு லீவு ட்ரெயினிங், ட்ரெயினிங்னு போறேனே. என்ன ட்ரெயினிங்னு ஒரு நாளாவது கேட்டேளா? மத்த டீச்சர்களுக்கு இதை நான்தான் எடுக்கறேன்."

"டீச்சர்கள் கூடி உபேரி தின்னுண்டு வம்பு பேசறதுன்னு நெனச்சேன்!" என்று நான் கத்தினேன். கோபத்தில் குரல் கீச்சென்று வந்தது.

"அதுவும் உண்டு."

"அப்போ அந்தப் பென் டிரைவ்?"

"ஒங்களோடது ஏறவே இல்லே. ஸ்கூல் பென் டிரைவ்லேர்ந்து நான்தான் அதுல ஏத்தி வெச்சேன்."

"வைஃபை? சவுண்டு?"

"ஒங்களுக்கு சவரம் பண்ண நேரம் வேணும். நேக்கு அவ்வளவு நேரம் போறும்."

"லினக்ஸ்னு நான் ஒங்கிட்ட சொன்னதே இல்லையா?"

"இல்லே. நான் கேட்டா விண்டோஸை எடுக்க விடுவேளோ? பக்கெட்னும் மூளை வேணும்னும் சொன்னேன், நீங்களே எடுத்தேள்."

எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. கடைசியாக ஒரே ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டேன். "செரி! ஆனா அதுல எஜமான் நான்! என் பாஸ்வேர்டை மாத்தியிருக்கியே, பழசு நோக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கமலாக்ஷி குனிந்து கொட்டின உபேரியைப் பொறுக்க ஆரம்பித்தாள். நாணு சேட்டன்தான் மதிலுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். "நான்தான் எஜமான், நான்தான் எஜமான்னு ஸார் கத்தினது இந்த வழி முழுக்கக் கேட்டதல்லோ? மீன்காரி வரைக்கும் சொல்லிச் சிரிக்கறா."

லேப்டாப் இப்போது கமலாக்ஷியின் மேஜையில் இருக்கிறது. அவள் கருணை உள்ளவள். எனக்கும் அதில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருக்கிறாள். திரையில் என் பெயருக்குப் பதிலாக 'விருந்தாளி' என்று வருகிறது. அதற்குள் போகவும் ஒரு பாஸ்வேர்டு வேண்டும். ஓணம் முடிந்து ஒரு வாரம் ஆயிற்று, இன்றைக்கும் போய்க் கேட்டேன்.

"அவசரம் என்ன? பைய தரேன், மொதல்ல அந்தக் குக்கரை ஆக்ரிக்காரன்கிட்ட போட்டுட்டு பக்கெட் வாங்கிண்டு வாங்கோ," என்றாள்.