உலகமயமாக்கலும் என் கொரியாக் கொண்டையும்

போன வியாழக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பாண்டி பஜாருக்குப் போய் ஒரு சவுரி வாங்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். அதில் மறுநாள் 'உலகமயமாக்கல்: ஓர் அறிமுகம்' என்று நான் பேச வேண்டும்.

"மாமி, நீங்கதான் எகனாமிக்ஸ் பி.ஏ. ஆச்சே!" என்றாள் செயலாளர் கோமளா.

நாற்பது வருஷமாக அந்தப் பட்டம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசனையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருத்தி தட்டி எழுப்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலைதான் பிரச்சினை.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாகத் திரும்பினால் முடி கொடுக்கிறேன் என்று மலைக்கோயில் சுவாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பினார். நானும் கொடுத்தேன். ஒரு வருஷம் ஆகியும் கழுத்தை எட்டிப் பார்க்கும் அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறது.

வெள்ளைப் பஞ்சுமிட்டாய் போல நிற்கும் தலையோடு பொருளாதாரம் பேசினால் யார் கேட்பார்கள்? கொண்டை வேண்டும். கனமான, நாலு எழுத்துப் படித்த கொண்டை!

"அசல் முடியில சவுரி காட்டுங்கோ பாய்" என்றேன் கடைக்காரரிடம்.

"அசல் முடி எங்கம்மா கீது? கோயில்ல எறக்குற முடியெல்லாம் ஏலத்துல போயி கப்பல் ஏறிடுது. இத்தாலிக்குப் போவுதாம். வெள்ளக்காரம்மாங்க விக்கு வெச்சுக்கிறாங்கோ."

"கோயில் முடியா?"

"ஆமாம்மா. நீங்க எதுனா குடுத்தீங்களா?"

கை தானாகப் பிடரிக்குப் போனது. இடுப்பைத் தொட்ட முடி அது. சீயக்காய் வாசனையோடு, ஏதோ ஓர் ஊரில், நான் பெயர் அறியாத ஒரு மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

"இத்த எட்த்துக்கோம்மா. கொரியா நைலான். ஃபாரின் ஐட்டம்!"

தாரில் முக்கி எடுத்த மாதிரி ஒரு கறுப்பு.

"என் தலை வெள்ளையாச்சே பாய்!"

"கொரியாவுல யாருக்கும் வயசாவறதில்ல போல கீதும்மா."

வாங்கிவிட்டேன். வேறு வழி?

மறுநாள் பதினோரு கொண்டை ஊசிகளைக் குத்தி அதை நிறுத்தினேன். அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார்.

"காக்கா எப்போ வந்து கூடு கட்டித்து?"

"ஏன்னா, மரியாதையா இருக்கான்னு சொல்லுங்கோ."

"இருக்கு. தலையை ஆட்டாம பேசு."

தலையை ஆட்டாமல் பொருளாதாரம் பேச முடியுமா?

பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். "உலக நாடுகள் இன்று ஒன்றையொன்று சார்ந்து…" என்று ஆரம்பித்தேன். இரண்டாம் பக்கத்தில் முன்வரிசை விசாலம் கண்ணை மூடினாள். மூன்றாம் பக்கத்தில் கோமளாவே கொட்டாவி விட்டாள். அந்தப் பட்டம் மறுபடி பீரோவுக்குப் போகத் தயாரானது எனக்கே தெரிந்தது.

நான்காம் பக்கத்தை மின்விசிறி தூக்கிக்கொண்டு போனது. எடுக்கக் குனிந்தேன்.

தலை சட்டென்று லேசானது!

கொண்டை மேடையிலிருந்து குதித்து, உருண்டு, விசாலத்தின் காலடியில் போய் நின்றது.

"ஐயோ, பெருச்சாளி! பெருச்சாளி!"

நாற்காலிகள் சரிந்தன. கோமளா குடையை எடுத்து நாலு போடு போட்டாள்.

"இன்னும் சாகலை மாமி! அசையறது!"

"அடிக்காதே கோமளா! அது என்னோடது!"

கோமளா குடை நுனியில் அதைத் தூக்கினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நான் கிழிக்க மறந்த சீட்டைச் சத்தமாகப் படித்தாள்.

"மேட் இன் கொரியா."

விசாலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டியம்மா, நம்மூர்ல இல்லாத முடியா? கொரியாலேர்ந்தா வரணும்?"

பன்னிரண்டு பக்கத்தையும் மேஜையில் கவிழ்த்து வைத்தேன். மானம்தான் போயாகிவிட்டது, இனி என்ன?

"நான் சுவாமிக்குக் குடுத்தேன். கோயில்ல ஏலம் விட்டா. இத்தாலிக்காரி தலையில வெச்சுண்டா. எனக்குக் கொரியாக்காரன் நைலான் அனுப்பிச்சான். இதுல யாருக்கும் யாரையும் தெரியாது."

"விலையை யாரு வெக்கறா?" என்றாள் விசாலம். தூக்கம் சுத்தமாகப் போயிருந்தது.

"முடி குடுத்தவ இல்லை."

"அப்போ நம்ம தலையில என்ன இருக்கணும்னு எவனோ எங்கேயோ உக்காந்துண்டு முடிவு பண்றான்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் சோப்பு, தையல் மெஷின், பிள்ளைகளின் வேலை என்று விளக்கு வைக்கும்வரை கேள்விமேல் கேள்வி. என் பஞ்சுமிட்டாய்த் தலையை ஒருத்தியும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது கோமளா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரமாதம் மாமி! அடுத்த மாசம் பணவீக்கம் பத்திப் பேசுங்கோ. அதுக்கு எது விழும்?"

எனக்குப் பல்செட் என்பதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.